அயல்நாட்டுப் படைவீரர் நம் மலைச்சாலையில் வண்டி ஓட்டலாமா?

வத்தலக்குண்டைக் கடந்து பழனி மலைத்தொடரின் அடிவாரத்தை அடைந்ததும், நாம் ஏறிச் செல்லும் வண்டியின் ஓசை மாறிவிடுகிறது. சமவெளியில் இனிது ஓடிவந்த இயந்திரம், மலை ஏறத் தொடங்கியதும் முனகுகிறது. டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி என்று ஒவ்வோர் இடமாகப் பின்தங்க, ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலை நோக்கி வண்டி வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளத்தாக்கு. இந்தச் சாலையில் சென்ற மாணவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருப்பீர்கள். குறுகிய வளைவு ஒன்றில், கீழிருந்து ஒரு பேருந்து ஏறி வருகிறது; மேலிருந்து ஒரு கார் இறங்கி வருகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் செல்ல இடம் இல்லை. யார் நிற்க வேண்டும்?

இறங்கி வருகிறவரே ஒதுங்கி நிற்க வேண்டும். ஏறி வருகிறவருக்கு வழிவிட வேண்டும். இது வெறும் மரியாதை அன்று. நம் நாட்டுச் சாலை விதி. ஏறுகின்ற வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டால், அதை மீண்டும் கிளப்புவது கடினம். சிறிது பிசகினாலும் அது பின்னோக்கி உருளும். இறங்குகின்றவருக்கு அந்த இடர்ப்பாடு குறைவு. ஆகவே எவருக்கு நிற்பது எளிதோ, அவர்மீது நிற்கும் கடமையைச் சட்டம் சுமத்தியிருக்கிறது.

இப்பொழுது ஒரு நிலைமையைக் கற்பனை செய்து பாருங்கள். அந்தக் காரை ஓட்டி வருகிறவர் அயல்நாட்டுப் படை அதிகாரி ஒருவர். இது நடக்கக்கூடாத கற்பனை அன்று. நீலகிரியில் உள்ள வெலிங்டனில் 1947 முதல் முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி நடைபெற்று வருகிறது. நம் அதிகாரிகளுடன் நட்பு நாடுகளின் அதிகாரிகளும் அங்கே வந்து தங்கிப் பயில்கிறார்கள். விடுமுறை நாளில் அவருள் ஒருவர் குடும்பத்துடன் கொடைக்கானலைக் காண வருவது இயல்பே. அவருடைய நாட்டில் சாலையின் வலப்பக்கமாகவே வண்டிகள் செல்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டிலோ இடப்பக்கம். அவர் சட்டைப்பையில் அவருடைய நாடு தந்த உரிமம் இருக்கிறது. அந்த உரிமம் இந்த வளைவில் செல்லுமா? அதனை வழங்கியவர் நம் மலையைக் கண்டதில்லை. அப்படியிருக்க, நாம் ஏன் அதனை நம்ப வேண்டும்? இந்த வினாவுக்கு உலக நாடுகள் கண்டிருக்கும் விடையையே இன்று ஆராய்வோம்.

முதலில், ஓட்டுநர் உரிமம் என்பது யாது? அது ஒரு சிறு அட்டைதான். ஆயினும் அது இரண்டு சான்றுகளைத் தன்னுள் அடக்கியிருக்கிறது. ஒன்று, திறமைக்குச் சான்று: இன்னாருக்கு இன்ன வகை வண்டியை ஓட்டத் தெரியும் என்பது. மற்றொன்று, பொறுப்புக்குச் சான்று: இவர் தவறு செய்தால் இவரைக் கேட்கவும், இவருடைய உரிமத்தைப் பறிக்கவும் ஓர் அரசாங்கம் இருக்கிறது என்பது. உள்நாட்டில் இவ்விரண்டையும் ஒரே அரசாங்கம் தருவதால், இவை வேறு வேறு என்பது நமக்குத் தோன்றுவதில்லை. ஓட்டுநர் எல்லையைத் தாண்டியவுடனே அவை பிரிந்துவிடுகின்றன. திறமைக்குச் சான்று தந்தது ஒரு நாடு. பொறுப்பைக் கேட்க வேண்டியது மற்றொரு நாடு. சிக்கல் முழுவதும் இந்தப் பிரிவிலிருந்தே பிறக்கிறது.

இந்தியாவில் மோட்டார் வண்டிகளுக்கென்று நாடு முழுவதற்குமான சட்டம் முதன்முதல் 1914-இல் பிறந்தது. பின்னர் 1939-இல் விரிவான சட்டம் ஒன்று வந்தது. இப்பொழுது நடைமுறையில் இருப்பது 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம்; இது 1989 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. உரிமம் இன்றிப் பொது இடத்தில் எவரும் மோட்டார் வண்டி ஓட்டலாகாது என்பது இச்சட்டத்தின் அடிப்படை. கார் ஓட்ட 18 வயது நிறைந்திருக்க வேண்டும். முதலில் பழகுநர் உரிமம், அதன்பின் தேர்வு, அதில் தேறியவருக்கே நிலையான உரிமம்.

அந்தத் தேர்வில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் வரிசைப்படுத்துகின்றன. இறக்கத்தில் செல்லும்போது விரைவாகக் கீழ் கியருக்கு மாற்றத் தெரிகிறதா? செங்குத்தான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, கை பிரேக்கைச் சரிவரப் பயன்படுத்தி, சிறிதும் பின்னோக்கி உருளாமல் மீண்டும் கிளப்பத் தெரிகிறதா? இவ்விரண்டும் அவ்வரிசையில் உள்ளன. மலையைக் காணாத ஊரில் தேர்வு பெறுகிறவருக்கும் மலைச்சாலையின் பாடம் விதிக்கப்பட்டிருக்கிறது. இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பி ஓட்டினால், அது இடைவிடாத உராய்வினால் சூடேறிப் பிடிப்பை இழக்கும். கீழ் கியரில் சென்றால் இயந்திரமே வண்டியின் வேகத்தை இழுத்துப் பிடிக்கும். எந்தக் கியரில் மலை ஏறுகிறாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்று மலைச்சாலை ஓட்டுநர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

படைவீரர்களைப் பற்றியும் நம் சட்டம் தனியே பேசுகிறது. அதன் 18-ஆம் பிரிவின்படி, நாட்டின் பாதுகாப்புப் பணிக்குரிய மத்திய அரசாங்க வண்டிகளை ஓட்டுவதற்குத் தனி உரிமம் வழங்கப்படுகிறது. இந்தியா முழுவதும் அது செல்லும். ஆனால் அந்த வண்டிகளைத் தவிர வேறு எந்த வண்டியையும் ஓட்ட அது உரிமை தராது. லடாக்கில் பனிக் கணவாய்களைக் கடந்து பெரிய லாரிகளை ஓட்டிய வீரர் ஒருவர், விடுமுறையில் பழனிக்கு வந்து தம் அண்ணனுடைய காரை ஓட்ட விரும்பினால், படை தந்த உரிமம் மட்டும் போதாது. பொது உரிமம் வேண்டும். அதே சமயம், 18-ஆம் பிரிவின்படி உரிமம் பெற்றவர் அதே வகை வண்டிக்குப் பொது உரிமம் கேட்டால், அவருக்கு ஓட்டுத் தேர்வு வேண்டியதில்லை என்று 9-ஆம் பிரிவு சலுகை தருகிறது. உரிய தகுதியுள்ள அதிகாரி தந்த அயல்நாட்டு உரிமத்தை வைத்திருப்பவருக்கும், உடற்குறைபாடு முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அதே சலுகை உண்டு. நாம் முன்னே கண்ட இரண்டு சான்றுகளும் இங்கே எவ்வளவு தெளிவாகப் பிரிகின்றன பாருங்கள்! உன் திறமையை ஐயுறவில்லை. ஆனால் பொதுச்சாலைக்கு வரும்போது எனக்குப் பொறுப்பாளியாக வா என்கிறது சட்டம்.

இனி, சில நாள்களோ சில மாதங்களோ தங்க வரும் அயலாரைக் காண்போம். 1949 செப்டம்பர் 19-ஆம் நாள் ஜெனீவா நகரில் சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை ஒன்று உருவாயிற்று. இந்தியாவும் அதில் சேர்ந்த நாடு. அதன் கருத்து இதுதான்: திறமையை நிரூபித்து ஒரு நாட்டில் உரிமம் பெற்றவரை, உடன்படிக்கையில் சேர்ந்த மற்ற நாடு மறுதேர்வு இன்றித் தன் சாலையில் ஓட்ட விட வேண்டும். அதற்குத் துணையாக இருப்பது பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி. பலர் இதனை உலகம் முழுவதும் செல்லும் தனி உரிமம் என்று எண்ணிவிடுகிறார்கள். அது தவறு. அது நம் உரிமத்தின் மொழிபெயர்ப்பைப் போன்றது. பல மொழிகளில் அச்சிடப்பட்ட அறிமுகச் சீட்டு. அது ஓராண்டு செல்லும். வழங்கிய நாட்டில் செல்லாது. மூல உரிமத்துடன் சேர்த்தே காட்ட வேண்டும். நம் நாட்டிலிருந்து அயல்நாடு செல்வோர் அதனை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வாயிலாகப் பெறுகிறார்கள். அந்த உடன்படிக்கை இன்னொன்றும் கூறுகிறது: உரிமம் பறிக்கத்தக்க குற்றத்தை விருந்தினர் செய்தால், அவர் தம் அனுமதியைப் பயன்படுத்தும் உரிமையை வந்த நாடு விலக்கிவிடலாம். ஆகவே திறமைக்குச் சான்று தாய்நாட்டிடமும், பொறுப்பைக் கேட்கும் உரிமை வந்த நாட்டிடமும் இருக்கின்றன. வெலிங்டனிலிருந்து வந்த நம் விருந்தினருக்கும் இவ்வழியே பொருந்தும்.

ஆனால் அயல்நாட்டில் படைத்தளம் அமைத்து ஆயிரக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் தங்கும்போது நிலைமை வேறாகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் அமெரிக்கப் படைகள் நிலைகொண்டன. இத்தகைய படைகளின் சட்டநிலையை வரையறுக்க, வட அட்லாண்டிக் உடன்படிக்கை நாடுகள் 1951 ஜூன் 19-ஆம் நாள் லண்டனில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் 4-ஆம் பிரிவு ஓட்டுநர் உரிமம் பற்றியதே. படையை ஏற்கும் நாடு இரண்டில் ஒன்றைச் செய்யலாம். அனுப்பிய நாடு தந்த உரிமத்தை, படை தந்த உரிமமாயினும், தேர்வும் கட்டணமும் இன்றி அப்படியே ஏற்கலாம். அல்லது அந்த உரிமத்தை வைத்திருப்பவருக்குத் தேர்வு இன்றித் தன் உரிமத்தை வழங்கலாம். அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் இடையே 1960-இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின் 10-ஆம் பிரிவும், அமெரிக்கப் படையினரின் உரிமத்தைத் தேர்வும் கட்டணமும் இன்றி ஏற்கிறது.

சட்டம் இவ்வளவு தாராளமாக இருப்பினும், அனுபவம் வேறு பாடத்தைக் கற்பித்தது. ஏற்கும் நாடு தேர்வு கேட்காவிட்டாலும், அனுப்பிய படையே தன் வீரர்களுக்குத் தேர்வு வைக்கத் தொடங்கியது. ஜெர்மனி, ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளில் உள்ள அமெரிக்கப் படைத்தலைமைகள், அந்தந்த நாட்டின் சாலைக் குறிகளையும் விதிகளையும் கற்பித்து, எழுத்துத் தேர்வு நடத்தி, அதன் பின்னரே தம்முடைய ஓட்டுநர் அட்டையை வழங்குகின்றன. தாய்நாட்டு உரிமம் ஓட்டத் தெரியும் என்று சொல்லும். இந்த நாட்டில் ஓட்டத் தெரியும் என்று அது சொல்லாது. அந்த இடைவெளியை நிரப்புவதே இந்த இரண்டாவது அட்டை.

இவ்வகையில் நம் வீரர்களுக்கும் பங்கு உண்டு. ஐக்கிய நாடுகளின் அமைதிப் படையில் இந்தியர்கள் தொடக்கக் காலத்திலிருந்தே பணியாற்றி வருகிறார்கள். 1960-இல் காங்கோவுக்கும், 1998-இல் லெபனானுக்கும் நம் படையினர் சென்றனர். இவ்விரண்டும் வலப்பக்கம் ஓட்டும் நாடுகள். இடப்பக்கம் பழகிய கைகள் அங்கே வலப்பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. ஐக்கிய நாடுகள் 1990-இல் வகுத்த மாதிரி ஒப்பந்தம் இதற்கு ஒரு முறை கூறுகிறது: அமைதிப் படையின் தலைமை தன் வண்டிகளை ஓட்ட வழங்கும் அனுமதியை, ஏற்கும் நாடு வரியும் கட்டணமும் இன்றி ஒப்புக்கொள்ள வேண்டும்; ஆனால் ஏற்கெனவே தகுந்த உரிமம் இல்லாத எவருக்கும் அத்தலைமை அனுமதி வழங்கலாகாது. நீல நிறத் தலைக்கவசம் அணிந்ததனால் மட்டும் ஒருவர் ஓட்டுநராகிவிட முடியாது.

இடம், வலம் என்பது சிறிய வேறுபாடு என்று எண்ணவேண்டா. ஜப்பானின் ஒகினாவாத் தீவில் 1945-க்குப் பின் அமெரிக்க ஆட்சி ஏற்பட்டபோது, வண்டிகள் வலப்பக்கம் செல்லலாயின. 1972-இல் தீவு ஜப்பானிடம் திரும்பியது. ஒரு நாட்டில் ஒரே பக்கம்தான் இருக்க வேண்டும் என்பது ஜெனீவா உடன்படிக்கையின் நெறி. ஜப்பானின் மற்றப் பகுதிகளிலோ இடப்பக்கம். ஆகவே 1978 ஜூலை 30-ஆம் நாள் தீவு முழுவதும் ஒரே நாளில் இடப்பக்கத்துக்கு மாறியது. சாலைக் குறிகள் மாறின. பேருந்துகளின் வாயில்கள் இடம் மாறின. சட்டம் ஒரு நாளில் மாறிவிடும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, அந்தப் பழக்கம் ஒரு நாளில் மாறுமா?

மாறாது என்பதற்கு அண்மைக்காலத் துயரம் ஒன்று சான்றாகும். இங்கிலாந்தில் நார்தாம்ப்டன்ஷயர் மாவட்டத்தில் குரோட்டன் என்னும் இடத்தில் அமெரிக்கர் பயன்படுத்தும் விமானப்படைத் தளம் ஒன்று உள்ளது. 2019 ஆகஸ்ட் 27-ஆம் நாள், அத்தளத்தில் பணிபுரிந்த அமெரிக்க அரசாங்க ஊழியர் ஒருவரின் மனைவி, தளத்தைவிட்டு வெளியே வந்து, தம் நாட்டு வழக்கப்படி வலப்பக்கமாகவே காரைச் செலுத்தினார். எதிரே தமக்குரிய இடப்பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வந்த 19 வயது இளைஞர் மோதுண்டு இறந்தார். ஓட்டியவர் ஓட்டத் தெரியாதவர் அல்லர். அவருக்குப் பழகிய பக்கம் அந்த நாட்டின் பக்கம் அன்று, அவ்வளவுதான்.

அடுத்து நிகழ்ந்தது இன்னும் கருதத்தக்கது. அத்தளத்துக்கென இருந்த தனி ஏற்பாட்டின்படி தூதரகப் பாதுகாப்பு உண்டு என்று கூறி, அவர் நாடு திரும்பிவிட்டார். மகனை இழந்த பெற்றோர் நியாயம் கேட்டு மூன்றாண்டுகள் போராடினர். 2020 ஜூலையில் இரு அரசாங்கங்களும் அந்த ஏற்பாட்டைத் திருத்தி, குடும்பத்தினருக்கு இருந்த அந்தப் பாதுகாப்பை நீக்கின. 2022-இல் லண்டன் நீதிமன்றத்தில் அவர் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். எட்டு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு நிறுத்திவைக்கப்பட்டது. தண்டனையின் அளவைவிட, பதில் சொல்ல ஒருவர் நிற்க வேண்டும் என்பதே அந்தப் பெற்றோரின் கோரிக்கையாக இருந்தது. உரிமம் தரும் இரண்டாவது சான்று, அதாவது பொறுப்பு, எவ்வளவு விலைமதிப்புடையது என்பது அது இல்லாதபோதுதான் தெரிகிறது. 1951-ஆம் ஆண்டு ஒப்பந்தமும் இந்த எல்லையை வகுக்க முயன்றிருக்கிறது: படைவீரர் கடமையின்போது செய்த குற்றத்தை விசாரிக்கும் முதல் உரிமை அவரை அனுப்பிய நாட்டுக்கு, மற்றப்படி பெரும்பாலும் ஏற்ற நாட்டுக்கு.

இப்பொழுது மீண்டும் பழனி மலைக்கு வருவோம். இம்மலைக்கும் அயல்நாட்டுப் படையினருக்கும் உள்ள தொடர்பு புதியது அன்று. 1821-இல் இம்மலையை அளந்தவர் லெப்டினன்ட் வார்டு. பள்ளத்தாக்கின் விளிம்பில் செல்லும் கோக்கர்ஸ் வாக் என்னும் நடைபாதை, 1872-இல் அதனை அமைத்த லெப்டினன்ட் கோக்கர் பெயரைத் தாங்கியுள்ளது. நாம் ஏறிவந்த மலைச்சாலைக்கு லாஸ் காட் என்ற பெயர் வந்தது மேஜர் லா என்பவரால். 1845-இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் இங்கே முதல் வீடுகளைக் கட்டினர். அக்காலத்தில் மலையேற மோட்டார் இல்லை. குதிரையும், கூலியாள்கள் தூக்கிய நாற்காலியுமே இருந்தன. ஆகவே உரிமத்தைப் பற்றிய கேள்வியே எழவில்லை.

1942-இல் நிலைமை மாறியது. அவ்வாண்டு ஏப்ரலில் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய இடங்களில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. சென்னை நகரத்தை விட்டு மக்கள் வெளியேறினர். கடற்கரையில் பகைவர் இறங்கினால், மலைவழியே மேற்குக் கரைக்குத் தப்பிச் செல்லும் பொருட்டு, கொடைக்கானலிலிருந்து மூணாற்றை அடுத்த டாப் ஸ்டேஷன் நோக்கிச் செல்லும் சாலை செப்பனிடப்பட்டது. எஸ்கேப் ரோடு, அதாவது தப்பிச் செல்லும் சாலை, என்று அதற்குப் பெயர் நிலைத்தது. வந்தரவு முடியின் கீழே ஏறத்தாழ 2,480 மீட்டர் உயரத்தைத் தொட்ட அந்தச் சாலையில் படையெடுப்புக்கு அஞ்சி ஓடும் தேவை ஏற்படவேயில்லை. 1990-இல் அது மூடப்பட்டது. இன்று காடு அதனைத் தனதாக்கிக்கொண்டு வருகிறது.

கொடைக்கானலுக்கு இன்று வரும் அச்சம் வேறு வகையானது. வண்டிகளின் பெருக்கம் மலையின் தாங்கும் ஆற்றலை மிஞ்சியதால், சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி, 2024 மே 7-ஆம் நாள் முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. உரிமம் உள்ளவர் எல்லாரும் ஒரே நாளில் மலையேறிவிட முடியாது என்பதும் இப்பொழுது ஒரு விதியாகிவிட்டது.

ஆகவே நாம் எழுப்பிய வினாவுக்கு விடை கூறலாம். அயல்நாட்டுப் படைவீரர் நம் மலைச்சாலையில் வண்டி ஓட்டலாம். உலகம் அதற்கு வழி வகுத்திருக்கிறது. ஆனால் அவருடைய அட்டை, நீ இதற்குமுன் வேறு சாலையில் தேறியவன் என்று மட்டுமே நமக்குச் சொல்கிறது. இந்தச் சாலையில் எந்தப் பக்கம் செல்ல வேண்டும், யாருக்கு வழிவிட வேண்டும், இறக்கத்தில் எந்தக் கியரில் இறங்க வேண்டும் என்பவற்றை அவர் வந்த பின்னரே கற்க வேண்டும்.

மாணவர்களே, இது அயல்நாட்டாருக்கு மட்டும் உரிய பாடமா? உங்களில் பலர் 18 வயது நிறைந்ததும் உரிமம் பெறப்போகிறீர்கள். சமவெளியிலுள்ள உங்கள் ஊரில் தேர்வு பெற்று, முதல் விடுமுறையிலேயே நண்பர்களை ஏற்றிக்கொண்டு பெருமாள்மலை வளைவுகளுக்கு வருவீர்கள். அந்த நாளில் நீங்களும் இந்தச் சாலைக்கு அயலாரே. எதிரே பேருந்து ஒன்று முனகிக்கொண்டு ஏறி வரக் கண்டால், காரை ஒதுக்கி நிறுத்துங்கள். அந்தப் பேருந்தின் ஜன்னலோரத்தில் உங்கள் வயதுடைய ஒருவர் அமர்ந்திருப்பார். அவர் பத்திரமாக மேலே போய்ச் சேரட்டும். பிறகு நீங்கள் இறங்கலாம்.